பன்னிரண்டில் பாதி எட்டரை

என் வலது கையில் சிவப்பு, இடது கையில் கருப்பு. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மோட்டாரின் பித்தளைக் காதுகளில் அழுத்திப் பிடித்தபடி குனிந்து நின்றேன். மூச்சு விட்டால் கை ஆடும். கை ஆடினால் என் மனைவி திட்டுவாள். அதனால் மூச்சையும் தவணை முறையில்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜோகளேகர் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆறு வரணும் சாஹேப். எட்டரை காட்டுதே" என்றார்.

அவர் பேசியது பாதி மராட்டி, பாதி இந்தி. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அவருடைய கம்பெனி கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு சின்ன இயந்திரம் செய்து கொடுத்தது. ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை அதில் செருகிச் சுழற்றினால் ரத்தம் அடியில் படிந்து, தெளிந்த நீர் மேலே நிற்கும். கரண்ட் இல்லாத ஊரிலும் கார் பாட்டரியில் ஓடும். மோட்டாரின் வேகத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் அதற்குள் ஒரு சர்க்யூட் போர்டு உண்டு. அந்த போர்டு எங்களுடையது.

எங்களுடையது என்று சொல்வது பழக்கதோஷம். அது சாந்தாமணியுடையது. சாந்தாமணி என் மனைவி. நான் வங்கி குமாஸ்தா.

ஜோகளேகரின் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக அந்த போர்டுகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. அவளுடைய முதல் பெரிய ஆர்டர். அவர் சரி என்று சொன்னால் டெம்போ வரும். இல்லையென்றால் பெட்டிகள் அங்கேயே கிடக்கும், அவள் பெயர் மட்டும் கெட்டு, புனேயை ஒட்டிய எங்கள் சிஞ்ச்வட் முழுக்கச் சுற்றிவரும்.

வியாழக்கிழமைதான் ஞாயிறு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். மழை விட்டு, வெயில் இன்னும் முறுக்கேறாத மாதம். எங்கள் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு வியாழக்கிழமைதான் ஞாயிறு. அன்றைக்கு மின்சாரம் இருக்காது. லேத் ஓடாது, பிரஸ் அடிக்காது, தெருவில் டீக்கடைக்காரர்கூட உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

சாந்தாமணி வேண்டுமென்றேதான் இன்ஸ்பெக்ஷனை வியாழக்கிழமைக்கு வைத்தாள். பக்கத்துக் கூடத்தில் பிரஸ் அடித்தால் எங்கள் மேஜை குதிக்கும், மீட்டரின் முள்ளும் கூடவே குதிக்கும். போர்டு ஓடப்போவது பாட்டரியில்தானே, மின்சாரம் எதற்கு என்று நினைத்தாள். நான் வங்கியில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

கூடம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே அறை, ஒரு நீள மேஜை, ஒரு ஃபோன். போபோடியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வரும் சுரேகா என்ற பெண்ணும் சாந்தாமணியும்தான் அங்கே வேலை செய்தார்கள். அதற்கு முன்னால் இந்தத் தொழில் எங்கள் ஃப்ளாட்டின் அடைத்த பால்கனியில் நடந்தது. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் புகை சமையலறைக்குள் வந்து, நான் சில மாதங்கள் ரசத்துக்கே அந்த மணம்தான் போலிருக்கிறது என்று நம்பிச் சாப்பிட்டேன். ஃப்ளாட் சொசைட்டியின் செயலாளர் ஒருநாள் வந்து, இங்கே ஊதுபத்திக் கம்பெனியா நடத்துகிறீர்கள் என்று விசாரித்தார். அதற்குப் பிறகுதான் இந்த அறையைப் பிடித்தோம்.

முனை பிடிக்கிற மாப்பிள்ளை

கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்கக் கோயம்புத்தூர்ப் பீளமேட்டுக்குப் போயிருந்தோம். சரியான சித்திரை வெயில். என் மாமா ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, "என்னங்க இது, ஒரே வேகத்துல சுத்துது" என்று குறைப்பட்டார். உள்ளறையிலிருந்து ஒரு குரல், "ரெகுலேட்டரு போயிருச்சுங்க. நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க" என்றது. உடனே யாரோ அந்தக் குரலை அதட்டும் சத்தமும் கேட்டது.

எனக்குப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

அவள் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். கல்யாணமாகிப் புனே வந்த புதிதில், அடுத்த வீடுகளில் டேப் ரிக்கார்டர் பழுதுபார்த்துக் கொடுத்தாள். சாயங்காலம் நான் லோக்கலிலிருந்து இறங்கி வீடு வந்தால், "ஏனுங்க, காபி குடிச்சுட்டு வந்து கொஞ்சம் புடிங்க" என்பாள். ஒரு கையால் திருகுக் குமிழைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் எழுதிக்கொண்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் எப்படிப் பிடிப்பது? மூன்றாவது, நான்காவது கை நான்தான். என் நண்பர்கள் மாலையில் சீட்டாடினார்கள், நான் சிவப்பும் கருப்பும் பிடித்தேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும், மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளைதான் இன்ஜினியர் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தி சரளமாகப் பேசியதும் நான்தான். ஜோகளேகர் முதல் தடவை வந்தபோதே, "பேங்கில் இருந்துகொண்டே இவ்வளவும் செய்கிறீர்களே" என்று என் கையைக் குலுக்கினார்.

"நான் இல்லை, எல்லாம் இவள் செய்ததுதான்" என்றேன்.

அவர் என் அடக்கத்தை மெச்சிச் சிரித்தார். சாந்தாமணியைப் பார்த்து, "வஹினி, டீ பிரமாதம்" என்றார். வஹினி என்றால் அண்ணி. மரியாதையான சொல்தான். ஆனால் அண்ணியிடம் யாரும் சர்க்யூட் பற்றிப் பேசுவதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. "உடுங்க, போர்டு ஓடுனாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். வரவில்லை என்று அப்போது நினைத்தேன்.

சாம்பிள் ஒன்று, சரக்கு வேறா?

இனி அந்த எட்டரைக்கு வருவோம்.

பாட்டரி பன்னிரண்டு வோல்ட். சாந்தாமணியின் போர்டு அதைக் குறைத்துத் தருவதில்லை, வெட்டி வெட்டித் தரும். ஒரு சுவிட்சை நொடிக்குள் பல நூறு தடவை போட்டுப் போட்டு அணைத்தால் எப்படி இருக்கும், அப்படி. வேகத் திருகைப் பாதியில் வைத்தால் பாதி நேரம் முழுப் பன்னிரண்டு, பாதி நேரம் ஒன்றுமில்லை. மீட்டரால் அவ்வளவு வேகத்தைத் தொடர முடியாது, அதனால் சராசரியைக் காட்டும். பன்னிரண்டில் பாதி ஆறு. வங்கி குமாஸ்தாவான எனக்கே விளங்குகிற கணக்கு.

முதலில் கொடுத்த சாம்பிளில் ஆறு வந்தது என்று ஜோகளேகர் கம்பெனி எழுதி வைத்திருந்தது. சாம்பிள் அவர்களிடமே சீல் வைத்த பெட்டியில் இருந்தது. இங்கே சரக்கில் எட்டரை.

அவர் எங்கள் மீட்டரைச் சந்தேகப்பட்டார். அது முள் வைத்த பழைய மீட்டர். தம் பையிலிருந்து எண் காட்டும் புது மீட்டரை எடுத்தார். அதிலும் எட்டரை. என் கையைச் சந்தேகப்பட்டு, முனைகளைத் தாமே வாங்கிப் பிடித்தார். எட்டரை. வேறொரு பெட்டியிலிருந்து வேறொரு போர்டை எடுத்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

ஜோகளேகர் முனைகளை மேஜையில் வைத்துவிட்டு, என்னை ஜன்னல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"சாஹேப், மனசுல வெச்சுக்காதீங்க. சாம்பிளுக்கு நல்ல பார்ட்ஸ் போட்டுட்டு, சரக்குல மலிவா ஏதோ மாத்தியிருக்கீங்க. நிறைய பேர் செய்யறதுதான். ஆனா உங்ககிட்ட நான் எதிர்பார்க்கல."

எனக்குக் காது சுட்டது. அறை அவ்வளவு அமைதி. எந்த மெஷினும் ஓடாத வியாழக்கிழமை. அவர் தாழ்த்திய குரல் மேஜை வரைக்கும் தெளிவாகப் போனது. சாந்தாமணிக்கு இந்தி பேசத்தான் தடுமாறும், கேட்டால் எல்லாம் புரியும்.

நான் என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"ஏனுங்க, நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் அவள்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சத்தம் போடவில்லை. ஆனால் சுரேகா கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டில் ஓர் ஆசிலாஸ்கோப் இருந்தது. வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைத் திரையில் படமாகவே காட்டிவிடும். சாந்தாமணி அதைப் பழைய சாமான் கடையில் எடுத்துத் தானே சரிசெய்திருந்தாள். ஓடிப்போய்த் தூக்கி வந்துவிடவா என்று கேட்டேன். "எதுல சொருகுவீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அமைதி வேண்டும் என்று தேர்ந்தெடுத்த நாள், கரண்ட் இல்லாத நாள். மேஜையில் இருந்தது மீட்டர் மட்டும்தான்.

அவள் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது சுற்றிக்கொண்டிருந்தது. மேலே குழாய்கள் செருகும் கனமான தட்டும் சேர்ந்து சுற்றியது. அவள் திருகை முழுக்க அணைத்தாள். மோட்டார் நிற்கவில்லை. தட்டின் கனத்தில் வெகுநேரம் உருண்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. அவள் முகத்தில் ஏதோ தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஸ்கூட்டரைக் குருடாக்கியது

அவள் நேராக ஜோகளேகரிடம் போனாள். என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவளுடைய இந்தியில் ஆண்பால், பெண்பால் எல்லாம் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினமாதிரி ஒன்றுமேல் ஒன்று கிடக்கும். அதிலேயே கேட்டாள். உங்கள் ஆபீசில் சாம்பிளைப் பார்த்தபோது எதை மாட்டிப் பார்த்தார்கள்? இந்த மோட்டாரையா?

ஜோகளேகர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "மோட்டாராத்தான் இருக்கும்."

"ஃபோன் பண்ணிக் கேளுங்க" என்றாள்.

அவர் செய்தார். ஃபோனில் கம்பெனியின் டெஸ்டிங் பையனைப் பிடித்துப் பேசினார். பேச்சு நடுவே அவர் புருவம் ஏறியது. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "அப்போ மோட்டார் வந்து சேரலையாம். கார் பல்பை மாட்டிப் பார்த்தாங்களாம். லோடு லோடுதானே" என்றார்.

சாந்தாமணி என் பக்கம் திரும்பினாள். "உங்க ஸ்கூட்டரு பல்பு பன்னெண்டு வோல்ட்டுதானுங்களே?"

"ஆமா. எதுக்கு?"

"கழட்டிட்டு வாங்க."

வெளியே போய், நான் ஆசையாகத் துடைத்து வைத்திருந்த ஸ்கூட்டரின் முன்விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அவள் மோட்டாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல்பை மாட்டினாள். திருகு பாதியில். பல்பு மங்கலாக, சீராக எரிந்தது. நான் முனைகளைப் பிடித்தேன்.

ஆறு. பிசகாத ஆறு.

பல்பை எடுத்துவிட்டு மறுபடி மோட்டார். எட்டரை. மறுபடி பல்பு. ஆறு. போர்டை அவள் தொடக்கூட இல்லை.

"அதே போர்டுங்க" என்றாள் தமிழிலேயே. ஜோகளேகருக்கு அது புரிந்தது.

பம்பரம்

ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. அது அவருடைய நல்ல குணம். "சரி, பாட்டரி தர்றது ஆறுதான்னா, மிச்ச ரெண்டரை எங்கேருந்து வருது?" என்று கேட்டார். இப்போதும் என்னைப் பார்த்துத்தான்.

எனக்கு அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். சிவாஜிநகரிலிருந்து நான் வரும் லோக்கலில், ஸ்டேஷன் வருவதற்கு முன்பே டிரைவர் பவரை எடுத்துவிடுவார். வண்டி உடனே நிற்கிறதா? உருண்டுகொண்டுதான் வரும். மோட்டாரும் அப்படித்தான். போர்டு கரண்டை வெட்டுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுகிற மோட்டார், சைக்கிள் டைனமோ மாதிரி, தானே கொஞ்சம் வோல்ட் உண்டாக்கும். மீட்டர் அதையும் சேர்த்துச் சராசரி போட்டது. பல்பு சுற்றாது, அதனால் அதற்குச் சொந்தமாகத் தர ஒன்றுமில்லை.

இந்தப் பகுதியை எழுதி முடித்து என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். புனேயில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அப்பா, இவ்ளோ பெருசா எதுக்கு எழுதறீங்க? பேக் இ.எம்.எஃப். அவ்ளோதான்" என்றாள். அம்மா பெண். அவளுக்குப் புரிவது வேறு, உங்களுக்கும் எனக்கும் புரிவது வேறு.

சாந்தாமணி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் இந்தி இல்லை. மோட்டாரிலிருந்து எல்லாக் கம்பிகளையும் கழற்றினாள். பாட்டரியைத் தூக்கி மேஜைக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். மோட்டாரின் தட்டைக் கழற்றி, வெறும் தண்டில் பார்சல் கட்டும் நூலைச் சுற்றினாள், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல. முள் மீட்டரின் முனைகளை என்னிடம் கொடுத்தாள். நூலின் நுனியை ஜோகளேகரிடம் நீட்டினாள்.

"இழுங்க" என்று கையால் காட்டினாள்.

டை கட்டிய மனிதர் தயங்கினார். பிறகு இழுத்தார். மோட்டார் விர்ரென்று சுற்றியது. முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, மீட்டரின் இடது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது.

"திருப்பிச் சுத்தோணும்" என்று முணுமுணுத்து, நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொடுத்தாள். அவர் இப்போது காலை அகட்டி நின்று, வேகமாக இழுத்தார். முள் எழுந்தது. பாட்டரி இல்லை, போர்டு இல்லை, ஊரிலேயே கரண்ட் இல்லை. முள் எழுந்து நின்று, மோட்டார் ஓய ஓய மெல்ல இறங்கியது.

ஜோகளேகர் நூலைத் தாமே எடுத்துச் சுற்றிக்கொண்டார். இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம் இன்னொரு தடவை. சுரேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

அந்த நிமிஷம் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சு விம்மியது. நான் பெருமைப்பட்டேன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். என் வங்கியில் பெரிய பெரிய ஆட்கள் தவறான குற்றச்சாட்டுக்குக் கத்துவதையும் அழுவதையும் பார்த்திருக்கிறேன். இவள் ஒரு பல்பாலும் ஒரு முழ நூலாலும் பதில் சொன்னாள்.

நீங்கள் வேண்டாம்

அன்றே பாஸ் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. "என் கண்ணால் பார்த்துட்டேன். ஆனா சாம்பிளையும் மோட்டாரோட பார்க்கணும். அதுலயும் எட்டரை வந்தால்தான் ரெண்டும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான். சாந்தாமணியும் அதைத்தான் சொன்னாள், அவர் அப்படியே பாஸ் போட்டிருந்தால் தனக்கு அவர்மேல் மரியாதை குறைந்திருக்கும் என்று.

சொன்னாளே தவிர, அன்று சாயங்காலம் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. நான் பேசாமல் சாப்பிட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "மலிவா மாத்திட்டேன்னு சொல்லிட்டாருங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குக் கோபம் வராது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அவளுக்குள் அது எங்கே இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் காலை நான் லோக்கலுக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூவோடு இருந்தபோது ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஜோகளேகர்.

"சொல்லுங்க சாஹேப், என்ன ஆச்சு?" என்றேன்.

"மேடம் இருக்காங்களா?"

எனக்கு ஒரு கணம் யாரைக் கேட்கிறார் என்று பிடிபடவில்லை. "சாம்பிள் பார்த்தீங்களா? என்கிட்டயே சொல்லலாம்" என்றேன்.

"தும்ஹி நகோ" என்றார் பொறுமையாக. நீங்கள் வேண்டாம். "மேடம்கிட்ட கொடுங்க."

கொடுத்தேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "ஹாங் ஜி" என்றாள். கேட்டாள். "எட்டரைங்களா?" என்றாள், தமிழில் கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை.

பேச்சு அத்தோடு முடியவில்லை. அவர் அடுத்து ஒரு பெரிய மோட்டாரைப் பற்றி ஏதோ கேட்டார் போலிருக்கிறது. அவள் அந்த உடைந்த இந்தியில், நிறுத்தி நிறுத்தி, சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒற்றை ஷூவோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் வண்டி போய்விட்டது. அதற்கடுத்த வண்டியும் போய்விட்டது.

வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் வரிசை நின்றது. மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார்.

"எங்க வீட்டு இன்ஜினியருக்கு ஒரு ஃபோன் வந்திருந்தது சார்" என்றேன்.